அவர் போட்ட பூட்டு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயாவது அங்கே நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் வாயைத் திறந்தால் உன் மாமா காதில் விழுந்துவிடுகிறது. கண்ணுக்குக் கட்டுப் போட்டதிலிருந்து அவருக்குக் காது அவ்வளவு கூர்மை. அடுப்படியில் நான் மூக்கை உறிஞ்சினால் உள்ளறையிலிருந்து "என்ன, அழறியா?" என்று கேட்கிறார். வெங்காயம் என்கிறேன். இந்த வீட்டில் தினமும் இவ்வளவு வெங்காயம் எதற்கு என்று இன்னும் கேட்கவில்லை.

நெற்றியிலும் கன்னத்திலும் புண் ஆறி வருகிறது. தட்டைத் தடவித் தானே சாப்பிடுகிறார். உப்பு போதவில்லை என்று குறை சொல்லத் தொடங்கிவிட்டார். சரி, உடம்பு தேறுகிறது என்று எடுத்துக்கொண்டேன்.

நடந்ததை ஆளுக்கு ஒரு விதமாக உன்னிடம் சொல்லியிருப்பார்கள். அவர் வாயால் சொன்னதை எழுதுகிறேன். பெரிய மோட்டாருக்குக் கரண்ட் போகும் பேனலில் வேலை. சுவிட்சை இறக்கி, வேறு யாரும் அதை ஏற்றிவிடாதபடி தன் சிவப்புப் பூட்டை மாட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். கைப்பிடி இறங்கியதே தவிர, உள்ளே ஒரு முனை விடாமல் ஒட்டிக்கொண்டு கரண்ட் வந்துகொண்டே இருந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கத்தானே மீட்டர் வைத்துப் பார்ப்பது? மீட்டர் சொல்கிற வரைக்கும் கரண்ட் இருப்பதாகவே நினை என்று உனக்குப் படித்துப் படித்துச் சொன்னவர் அவர்தான். அன்றும் அந்தக் கனத்த உடுப்பு, கையுறை, முகத்தையும் மறைக்கிற தலைமூடி எல்லாம் போட்டுக்கொண்டுதான் நின்றார். மூச்சு பட்டு மூக்குக்கண்ணாடி மங்கிவிட்டது. மீட்டரில் எண் தெரியவில்லை. பூட்டுதான் போட்டாயிற்றே என்று தலைமூடியைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து மீட்டரின் கம்பி வழுக்கியது. பேனலுக்குள் வெடித்த வெளிச்சம் நேராக முகத்தில் அடித்தது.

கையில் ஒரு கொப்புளம் கூட இல்லை தம்பி. கையுறை காப்பாற்றிவிட்டது. மூடியிருந்த இடமெல்லாம் முழுசாக இருக்கிறது.

போன வாரம் கம்பெனி என்ஜினீயர் வீட்டுக்கு வந்தார். பேனலை மாற்ற வேண்டும், மாமாவின் பூட்டு இன்னும் அதில் தொங்குகிறது, சம்மதம் கொடுத்தால் வெட்டி எடுத்துவிடுகிறோம் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அதற்கும் ஒரு முறை இருக்கிறதாம். உன் மாமாவுக்கு வந்ததே கோபம். "நான் உயிரோடதானே இருக்கேன்? போட்டவன்தான் திறக்கணும்" என்றார். மறுநாளே அழைத்துப் போனேன்.

பேனலுக்கு மின்சாரம் வருகிற இடத்திலேயே அதை நிறுத்திச் சோதித்து வைத்திருந்தார்கள். கரிந்த வாடை இன்னும் போகவில்லை. கூட வேலை செய்தவர்கள் எல்லோரும் வந்து நின்றார்கள். மாமா பூட்டைத் தடவிப் பிடித்தார். சாவி துவாரத்தில் போகாமல் நழுவிக்கொண்டே இருந்தது. "யாராவது லைட்டப் போடுங்கப்பா" என்று சிரித்தார். விளக்கெல்லாம் எரிந்துகொண்டுதான் இருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. நான் அவர் கையைப் பிடித்துத் துவாரத்தில் வைத்தேன். திருப்பியது அவர்தான்.

பூட்டோடு அவர் போட்டோ ஒட்டிய அட்டையும் தொங்கியது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எடுத்தது. எப்படி இருக்கேன் என்று கேட்டார். திருட்டு முழி முழிக்கிறீங்க என்றேன். அதை என் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது, போனில் சொல்ல முடியாத விஷயம். டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். கட்டைப் பிரிப்பார்களாம். பிரித்தாலும் பார்வை வராதாம். இரண்டு கண்ணும்தான். மாமாவிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை. "கட்டு பிரிச்சதும் முதல்ல உன் மூஞ்சியத்தான் பாப்பேன்" என்கிறார். நீ பதில் எழுதினால் நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். அதனால் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாதே.

நீ முன்பு அனுப்பினாயே ஒரு போட்டோ, திறந்த பேனல் முன்னால் கூலிங்கிளாஸ் மாட்டிக்கொண்டு சினிமா கதாநாயகன் மாதிரி? அதை மாமா தெருவெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டார். இப்போது தூக்கத்தில் கூட "அவன் தலையில ஒண்ணுமே இல்லையே" என்று பிதற்றுகிறார்.

எனக்காக இன்னொரு போட்டோ அனுப்பு. அந்த உடுப்பைப் போட்டு, தலைமூடியைக் கழுத்து வரை இழுத்து மாட்டி எடு. உள்ளே நிற்பது நீதானா என்று கூடப்பிறந்த எனக்கே தெரியக் கூடாது. வந்ததும் மாமா "எப்படி இருக்கான்?" என்று கேட்பார். முகமே தெரியவில்லை என்று சொல்கிறேன். அன்றைக்காவது அவர் நிம்மதியாகத் தூங்கட்டும்.

கண்ணாடி மங்கினால் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வா. யார் திட்டினாலும் திட்டட்டும். உன் கண் இரண்டும் நன்றாக இருக்க வேண்டும், ராசா.

இப்படிக்கு,
உன் அக்கா