பொல்லை எறிந்தவனுக்கு

மச்சான்,

இன்று காலை லண்டனில், என் கடைக்கு எதிரே ஒருவன் கத்தியோடு நின்றான். வந்த பொலிஸ்காரி ஒருத்தி, சற்றுத் தள்ளி நடைபாதை ஓரத்தில் முழங்காலை மடித்து நிலத்தில் இருந்துகொண்டு அவனோடு கதைக்கத் தொடங்கினாள். ஒரு மணித்தியாலத்தில் அவன் கத்தியைக் கீழே வைத்தான். என் கையிலிருந்த பால் போத்தல் விழுந்து உடைந்தது. அவள் இருந்த விதம் அப்படியே உன்னுடையது.

சுனாமிக்குப் பிறகு, சாய்ந்தமருதுப் பள்ளிக்கூடத்தில் நிவாரண வரிசை. நீ பொலிஸ் உடுப்பில், கையில் தடியோடு நின்றாய். சோத்துக்கு நிற்கிற எங்களுக்கு என்னத்துக்கடா பொல்லு என்று பகிடி பண்ணினேன். நீ சிரிக்கவில்லை. கேற்றுக்கு வெளியே காவலரணில் நாலு ராணுவக்காரர் துவக்கோடு நின்றார்கள். எங்கள் பாஷை தெரியாதவர்கள்.

மதிலுக்கு அப்பால் தண்ணீர் பவுசர் லொறி ஒன்று இரைந்து வந்தது. "கடல் வருகுது" என்று ஒரு குரல் கத்தியது. அவ்வளவுதான், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் கேற்றைத் தள்ளி ஓடினோம், நேரே காவலரணை நோக்கி. அவர்கள் எங்களைக் கலகக்காரர் என்று நினைத்தார்கள். நாலு துவக்கும் நிமிர்ந்தன.

நீ நடுவில் வந்தாய். துவக்குகளுக்கு முதுகைக் காட்டி, பொல்லைத் தூர எறிந்து, தொழுகையில் இருப்பது போல முழங்காலை மடித்து வீதியில் இருந்தாய்.

"கடல் வரல்ல. அது பவுசர். இரிங்க."

பிறகு சிங்களத்தில் பின்பக்கம் ஏதோ சொன்னாய். முன்னால் வந்தவர்கள் அப்படியே நிலத்தில் இருந்தார்கள். இமாமுக்குப் பின்னால் இருப்பது போல அடுத்த வரிசையும், அதற்கடுத்ததும் இருந்தது. துவக்குகள் தாழ்ந்தன. உன்னால்தான் எழும்ப முடியவில்லை. "கையத் தா மச்சான்" என்றாய். நான்தான் தூக்கிவிட்டேன்.

யுத்தம் முடிந்த வருஷம் இங்கே வந்தேன். வாகனத்தால் இறங்கிய கையோடு சுடுகிற பொலிஸையும், கதைத்தே முடிக்கிற பொலிஸையும், எத்தனையோ நாடுகளின் காட்சிகளாகப் போனில் பார்த்துவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு மாதக்கணக்கில் பழக்கியிருப்பார்கள். உனக்கு யார் பழக்கினது?

நீ மௌத்தாகி மூன்று வருஷம். ஜனாஸா அடக்கத்துக்கு வரமுடியவில்லை. வந்திருந்தால் உன் காதுக்குள் சொல்லியிருப்பேன்.

அன்று பின்னேரம் உன் பொலிஸ் பெரியவர், கத்தினவனைப் பிடித்து அடிக்கவேண்டும் என்று வரிசை வரிசையாகத் தேடினார். நீ தெரியாது என்றாய். நான் பக்கத்தில் வாய் திறக்காமல் நின்றேன்.

கத்தினது நான்தான் மச்சான். என் மகளைக் கொண்டுபோன இரைச்சல் அதுதான் என்று நினைத்துவிட்டேன். என் ஒரு சத்தத்தால் எத்தனை பிள்ளைகள் போயிருக்கும் என்று இன்றும் திடுக்கிட்டு எழும்புகிறேன்.

நான் கத்தும்போது, நீ என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாய்.