அணைத்துக் காட்டிவிட்டோம், டேவிட்டு மச்சான்

என் பாசத்துக்குரிய டேவிட்டு மச்சானுக்கு,

போன இடத்தில் எப்படி இருக்கிறாய்? பக்கத்தில் இருப்பவர்களை உட்காரவைத்து ராக்கெட் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டாயா?

ஒரு சேதி சொல்லணும். திட எரிபொருளைப் பற்றவைத்தால் முழுசாக எரிந்துதான் ஓயும் என்று நம் துறைத்தலைவர் அடித்துச் சொன்னாரே. அது எரியும் ராக்கெட் மோட்டாருக்குள் அழுத்தத்தைச் சட்டென்று குறைத்தால் நடுவிலேயே அணையும் என்று நீ மல்லுக்கு நின்றாய். அப்புறம் நெஞ்சுவலி என்று போய்ச் சேர்ந்துவிட்டாய். மிச்சச் சண்டை என் தலையில்.

நெம்மேலிக்கு அந்தாண்ட, நம் கல்லூரியின் சோதனைக் குழியில் செய்தோம். உன் பெண்டாட்டியும் வந்தாள்.

"வூட்ல கேஸ் அடுப்ப அணைக்கத் தெரியாது, ராக்கெட்ட அணைக்கிறேன்னு சொல்லிகினு இருந்தாரு" என்றாள் அமலா.

முதல் தடவை பற்றவைத்து, மோட்டாரின் வால்பக்கம் சின்னத் துளை திறந்தோம். அழுத்தம் மெதுவாக இறங்கியது. தீயும் கூடவே சோம்பி, கடைசிவரை எரிந்து தீர்ந்தது. தலைவர் முறுக்கு தின்றார்.

அடுத்த தடவை, துளைக்குப் பதில் பெரிய மூடி. அது தெறித்ததும் அழுத்தம் ஒரேயடியாக விழுந்தது. எரிபொருளை ஒட்டி நின்ற தீ விலகிப்போக, சூடு கிடைக்காமல் அணைந்தது. தலைவர் எழுந்து, "டேவிட் மேல எனக்கு எப்பவுமே நம்பிக்கை உண்டு" என்று பேச ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து, உள்சுவரில் மிச்சமிருந்த சூட்டில் அது மறுபடி பற்றிக்கொண்டு அலறியது. அவர் தடுப்புச் சுவருக்குப் பின்னால் பாய்ந்து, அமலா கொண்டுவந்த மீன்குழம்புத் தூக்கின்மேல் விழுந்தார்.

"இந்த மனுசனும் இப்டித்தாண்ணா. சண்ட முடிஞ்சிதுன்னு நெனச்சா, திரும்ப ஆரம்பிச்சிக்குவாரு" என்று அமலா சிரித்தாள். நீ போனபிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

மூன்றாம் தடவை அணைந்த கையோடு தண்ணீரைப் பீய்ச்சினோம். பற்றவில்லை. நன்றாக ஆறியபின் திறந்தால், பாதி எரிபொருள் அப்படியே இருந்தது, மேலே மட்டும் கருகி.

"இத்த பாக்க அவரு இல்லையே" என்றாள். நீ பார்த்தாயா, மச்சான்?

ஆய்வுக் கட்டுரையில் தன் பெயர்தான் முதலில் வரணும் என்கிறார் தலைவர். சத்தியமாகச் சொல்கிறேன், உன் பெயருக்குப் பிறகுதான் எங்கள் பெயரெல்லாம். அவர் பெயர் கடைசியில் வரும். அதுவும் அமலா சம்மதித்தால்.

இப்படிக்கு,
உன் பெண்டாட்டியின் அண்ணன்,
ஜோசப்பு