எழுத்து மோதிரம்

இன்று காலை சந்தையில் அந்தப் பழம் வந்திருந்தது. தோல் தடித்த, சொரசொரத்த, உரித்துச் சாப்பிட முடியாத கசப்புத் தோடம்பழம், இங்கே செவில் ஒறேஞ்ச் என்பார்கள். மெல்பேணில் குளிர்காலத்தில் சில கிழமைகள்தான் கிடைக்கும். வெள்ளைக்காரக் கிழவிகள் ஜாம் காய்ச்ச அள்ளிக்கொண்டு போவார்கள். நான் ஒன்றை எடுத்து நகத்தால் கீறி மணந்து பார்த்தேன். மணந்திருக்கக் கூடாது. செவில் நகரத்துத் தெருவில் நீங்கள் என் பக்கத்தில் நின்று தூ தூ என்று துப்பியது அப்படியே கண்ணுக்குள் வந்துவிட்டது.

இஞ்சாருங்கோ, செத்த மனிதரோடு சண்டை பிடிக்கக் கூடாது என்று உங்கள் தங்கச்சி சொல்கிறா. உயிரோடு இருந்தபோது நீங்கள் எங்கே பிடிக்க விட்டீர்கள்? நான் வாயைத் திறந்தால் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்துவிடுவீர்கள். இப்போது உங்களிடம் பேப்பர் இல்லை. கேளுங்கள்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. யாழ்ப்பாணத்தில் நமக்கு எழுத்து முடிந்திருந்தது. பதிவுகாரர் வீட்டுக்கு வந்தார், இரண்டு பேரும் கையெழுத்து வைத்தோம், நீங்கள் என் விரலில் மோதிரம் போட்டீர்கள், சனம் பலகாரம் தின்று தேத்தண்ணி குடித்துக் கலைந்தது. சட்டப்படி புருஷன் பெண்சாதி. ஆனால் தாலி ஏறும்வரை ஒரு வீட்டில் இருக்கக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். நீங்கள் வேலைக்கு மெல்பேண் போனீர்கள். நான் தாதிப் படிப்புக்கு லண்டன் போனேன். எழுத்து முடிந்த பெட்டையின் நிலை உங்களுக்கு எங்கே விளங்கும்? குமருமில்லை, குடும்பக்காரியுமில்லை. உங்களிடமிருந்து வந்த நீலக் கடிதங்கள்தான் எனக்குத் துணை. உறையில் ‘திருமதி’ என்று போட்டு உங்கள் பெயரை எழுதுவீர்கள். அதைத் தாதிமார் விடுதி முழுக்கக் காட்டித் திரிந்தேன்.

பிறகு ஒரு கடிதத்தில் எழுதினீர்கள், வருஷ லீவு கிடைத்திருக்கிறது, முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஸ்பெயினைச் சுற்றிப் பார்க்கப் போகிறேன், பார்சிலோனாவுக்கு வாரும் என்று. கட்டின புருஷனைப் பார்க்கப் போவதற்கு லண்டனில் இருந்த என் அண்ணாவிடம் சிநேகிதியோடு போகிறேன் என்று சொல்ல வேண்டியிருந்தது. அதையும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு ரயில் ஏறினேன்.

பார்சிலோனா ஸ்டேஷனில் தாடியோடு வந்து இறங்கினீர்கள். என்னைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்தீர்கள்.

“என்ன, காற்சட்டை எல்லாம் போட்டிருக்கிறீர்?”

“குளிருது.”

“ம். வடிவாத்தான் கிடக்கு.”

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு பார்சிலோனா முழுக்க நடந்தேன். மாணவர் விடுதியில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். காலையில் கோப்பிக் கடையில் சந்திப்போம். நீங்கள் நகரப் படத்தை விரித்து வைத்து வழி சொல்வீர்கள். நான் உங்கள் தாடியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சந்தோஷமாகத்தான் இருந்தேன், ஏன் பொய் சொல்ல வேண்டும்?

செவிலுக்குப் போன அன்று தெருவெல்லாம் தோடை மரம், மரமெல்லாம் பழம். “உந்தச் சனத்துக்கு விசரே, பழத்தைப் பறியாமல் விட்டிட்டுப் போகுதுகள்” என்று துள்ளி ஒன்றைப் பறித்தீர்கள். உரித்து முழுச் சுளையையும் வாயில் போட்டீர்கள். ஐயோ, உங்கள் முகம் போன போக்கு! நான் சிரித்துச் சிரித்து நடைபாதையிலேயே குந்திவிட்டேன்.

“நாரத்தங்காய் மாதிரி இருக்கு. உப்புப் போட்டு வெட்டி வைச்சா நல்ல ஊறுகாய் வரும்” என்றேன்.

“மெல்பேணுக்கு வந்து போட்டுத் தாருமன்” என்றீர்கள்.

அப்போதே மனத்துக்குள் மெல்பேண் குசினியில் போய் நின்றுகொண்டேன். மடைச்சி.

அதே பின்னேரம்தான் அந்த வீட்டுக்குப் போனோம். அறை வாடகைக்குக் கொடுக்கும் வீடு. கறுப்புச் சட்டை போட்ட வீட்டுக்காரி நம்மை வட்ட மேசையில் இருத்தினாள். மேசையைச் சுற்றித் தடித்த துணி தொங்கியது, கீழே தணல் சட்டி. குளிருக்குக் கையையும் காலையும் துணிக்குள் விட்டுக்கொண்டு இருந்தோம். அவள் நம் இரண்டு பாஸ்போர்ட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த நாட்டில் அப்போது சர்வாதிகாரியின் ஆட்சி, கல்யாணம் கட்டாதவர்களை ஒரு அறையில் விட்டால் வீட்டுக்காரிக்குத்தான் தொல்லை. என் பெயரோடு என் அப்பாவின் பெயர், உங்கள் பெயரோடு உங்கள் அப்பாவின் பெயர். நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் இல்லையென்று அவளுக்கு யார் சொல்வது? அவள் ஏதோ கேட்டாள். கேட்டுவிட்டுத் தன் மோதிர விரலைத் தொட்டுக் காட்டினாள். பாஷை தெரியாத எனக்கே விளங்கியது.

நான் துணிக்குள்ளிருந்து என் கையைத் தூக்கினேன். மோதிரம் மேசைக்கு மேலே வர முந்தி நீங்கள் என் கையைப் பிடித்துக் கீழே அமத்தினீர்கள். அந்தப் பயணத்தில் நீங்கள் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

“நோ, நோ. பிரிமா” என்றீர்கள். கைப்புத்தகத்தில் பார்த்துப் பழகிய ஸ்பானிஷ் சொல், கசின் என்று அர்த்தம். மச்சாளாம் நான்.

வீட்டுக்காரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. என்னைத் தன் மகளின் அறையில் படுக்கவைத்தாள், உங்களுக்கு மேல்மாடி.

படிக்கட்டில் வைத்துக் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று.

“தாலி கட்டாமல் மனுசி எண்டு சொல்லுறது சரியே? நாளைக்கு ஊருக்குள்ள ஆரும் அறிஞ்சால்?”

“இஞ்ச எங்களை ஆர் அறியப்போகினம்?”

“உமக்கு விளங்காது. போய்ப் படும்.”

முதல்நாள் பன்றித் தொடையைச் சீவிச் சீவித் தின்று வைன் குடித்தபோது இந்த ஆசாரம் எங்கே போயிருந்தது? நான் ஒரே அறை கேட்டு அழவில்லை. அந்தப் பிள்ளையின் அறையிலேயே சந்தோஷமாகப் படுத்திருப்பேன். “என்ர மனுசி” என்று ஒரு சொல் சொல்லிவிட்டு இரண்டு அறை கேட்டிருக்கலாமே? ஆனால் என் கையை அமத்திய பிறகு உங்கள் முகத்தைப் பார்த்தேன். தப்பிவிட்டோம் என்ற நிம்மதி அதில் இருந்தது. அதை நான் மறக்கவில்லை.

அடுத்த ஊரான கிரனடாவில் யாரும் கேட்க முந்தியே பிரிமா என்றீர்கள். மட்ரிட் ஸ்டேஷனில் பிரியும்போது வாய்விட்டே கேட்டேன்.

“என்னை வேண்டாமெண்டால் இப்பவே சொல்லுங்கோ.”

ரயில் நேரப் பலகையைப் பார்த்துக்கொண்டு, “தாலி கட்டினால் எல்லாம் சரிவரும்” என்றீர்கள். ஓம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. நானாவது விட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் எழுத்தை முறிக்கக் கோர்ட்டுக்குப் போக வேண்டும், எனக்குப் பின்னால் கல்யாணத்துக்கு ஒரு தங்கச்சி நின்றாள். வந்தேன்.

மெல்பேணில் அப்போது கோயில் ஏது? த பேசின் என்ற இடத்தில் பிள்ளையார் கோயில் வந்ததெல்லாம் எவ்வளவோ காலம் கழித்து. உங்கள் நண்பர் வீட்டு முன்னறையில், வாழை கிடைக்காமல் காட்டுப் பன்னச் செடியின் நீள இலைகளை வாசலில் கட்டி, அவரே புத்தகத்தைப் பார்த்து மந்திரம் சொல்ல, தாலி ஏறியது. சரிவந்ததா? வீடு வந்தது, பிள்ளைகள் வந்தார்கள், நீங்கள் குடிகாரரில்லை, கை நீட்டியவருமில்லை. குறை சொல்ல ஒன்றுமில்லை என்றுதான் சனம் சொல்லும். ஆனால் ஆருக்கும் என்னைக் காட்டும்போது “பிள்ளையளின்ர அம்மா” என்றுதான் சொல்வீர்கள். விருந்தாளிகளுக்கு ஸ்பெயின் கதை சொல்வீர்கள், பாலம் சொல்வீர்கள், கோட்டை சொல்வீர்கள், தனியாகப் போய் வந்தவர் மாதிரி. நான் பக்கத்தில் தேத்தண்ணித் தட்டோடு நிற்பேன். ஒவ்வொரு குளிர்காலமும் அந்தத் தோடம்பழத்தில் ஊறுகாய் போட்டேன். வழித்துச் சாப்பிட்டீர்கள். செவில் என்று ஒருநாள் சொன்னீர்களா?

கடைசியில் ஆஸ்பத்திரியில் உங்களுக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. நல்ல மனம் படைத்த ஒரு நேர்ஸ் உங்கள் தலையணையைச் சரிசெய்துகொண்டே, பக்கத்தில் இருக்கிற இவ ஆர் என்று இங்கிலிஷில் கேட்டாள். நீங்கள் என்னை வடிவாகப் பார்த்தீர்கள்.

“கசின்” என்றீர்கள்.

“அப்பாக்கு எல்லாம் மாறிப்போச்சு அம்மா, பெரிசா எடுக்காதேங்கோ” என்று உங்கள் மகள் என் தோளைப் பிடித்தாள்.

“மாறேல்லை பிள்ளை. கொப்பருக்கு நல்ல நினைவு” என்றேன்.

நேர்ஸ் என் முகத்தைப் பார்த்தாள். நான் கையைத் தூக்கி மோதிரத்தைக் காட்டினேன். போர்வைக்கு மேல் உங்கள் கை அசைந்தது. இந்த முறை அமத்த அதற்குப் பலம் இருக்கவில்லை.

செத்தவீட்டில் தாலியைக் கழற்றி உங்களோடு வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். எல்லாம் சரிவரும் என்று நீங்கள் சொன்ன தாலி, உங்களோடே போகட்டும். மோதிரத்தை ஒருவரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். இன்று வாங்கி வந்த தோடம்பழங்களை வெட்டி உப்புப் பிசையும்போது அதுவும் விரலில்தான் கிடந்தது. உப்புப் பட்டால் பட்டுவிட்டுப் போகட்டும். இனி எவள் வந்து கேட்டாலும் நான் கையை மேசைக்கு மேலேதான் வைத்திருப்பேன்.