பட்டியலில் இல்லாத மூன்றாவது இயங்குதளத்தை அழிக்காதிருக்க வேண்டி

அனுப்புநர்:
ஏ. கெசியா,
த/பெ. ஏசுதாசன்,
ஏரிக்கரை இரண்டாம் குறுக்குத் தெரு,
செம்பாக்கம், சென்னை – 73.

பெறுநர்:
நிர்வாக அலுவலர் அவர்கள்,
ஆலமரத்தெரு வாசகசாலை அறக்கட்டளை,
கிழக்குத் தாம்பரம், சென்னை – 59.

பொருள்: செம்பாக்கம் கிளை வாசகசாலைக் கணினி – மூன்று லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்று மட்டுமே திறப்பது – மற்ற இரண்டும் அழிக்கப்படவிருப்பது – நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: கிளை வாசகசாலைக் கதவில் 09.01.2026 அன்று ஒட்டப்பட்ட அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

இல்லை, எழுதியவற்றைப் பென் டிரைவில் எடுத்து வைக்கவில்லை. இந்த வாரம் எல்லோரும் முதலில் கேட்டது அதைத்தான். தாங்களும் கேட்கக்கூடும் என்பதால் பதிலை முதலில் எழுதுகிறேன். வாசகசாலைக் கணினியில் வாசகர்கள் பென் டிரைவ் செருகக் கூடாது என்பது அறக்கட்டளையின் விதி. நாங்கள் விதியைக் கடைப்பிடித்தோம். அந்தக் கணினிக்கு இணைய இணைப்பும் இல்லை. எழுதியவை எழுதிய இடத்திலேயே இருந்தன.

இப்போதும் இருக்கின்றன. அதைச் சொல்லவே இந்த மனு.

1. மேற்படி கணினியில் ஒரே வட்டில் (ஹார்ட் டிஸ்க்) மூன்று லினக்ஸ் இயங்குதளங்கள் தனித்தனிப் பிரிவுகளில் நிறுவப்பட்டிருந்தன. ஒன்று புத்தகம் வழங்கும் மேசைக்கு. ஒன்று குழந்தைகளுக்கு. மூன்றாவது, திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருளுடன், பார்வையற்ற வாசகர்களுக்கு. கணினியை இயக்கியதும் பூட் லோடர் என்ற சிறு நிரல் இந்த மூன்றையும் ஒரு பட்டியலாகக் காட்டும். சில நொடிகள் காத்திருக்கும். யாரும் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் முதலில் உள்ளதைத் திறந்துவிடும்.

2. அந்தப் பட்டியல் பேசாது. பேசும் மென்பொருள் அதற்குப் பிறகுதான் எழுகிறது. எனவே பார்வையற்ற ஒருவர் பேசும் இடத்துக்குப் போவதற்குள் பேசாத ஓரிடத்தைக் கடந்தாக வேண்டும்.

பம்மலைச் சேர்ந்த திரு. ஆரோன் அதைக் கடந்துகொண்டிருந்தார். பிறவியிலேயே பார்வையில்லாதவர். கணினி "பீப்" என்றதும் கீழ்நோக்கும் விசையை இரண்டு முறை தட்டுவார். பிறகு எண்டர். "ரெண்டு தட்டு, ஒரு எண்டர். நம்ம ஸ்டேஷன் வந்துடும்" என்பார். மூன்று ஆண்டுகளாக வந்துகொண்டிருந்தது.

3. அங்கே நாங்கள் செய்துவந்த வேலையைத் தாங்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. எந்த அறிக்கையிலும் அது இடம்பெறவில்லை. பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் பாடநூலில் உள்ள வரைபடங்களையும் படங்களையும் சொற்களாக மாற்றி எழுதுகிறோம். நான் பார்த்துச் சொல்வேன். அவர் கேள்வி கேட்பார். பிறகு அவர் எழுதுவார்.

எழுதுவது மெதுவான வேலை. பருவக்காற்று வரைபடத்தைச் சொல்லும்போது, காற்றை அம்புக்குறிகளால் காட்டியிருக்கிறார்கள் என்றேன். "காத்துக்கு இன்னாத்துக்கு அம்பு? வூட்டு சன்னல தொறந்தா தெரியாதா?" என்று கேட்டார். அன்று முழுவதும் ஒரு பத்திதான் எழுதினோம். முதுகலை இலக்கியம் படித்த இரண்டு ஆண்டுகளில் ஒரு வாக்கியத்துக்காக நான் அவ்வளவு நேரம் உட்கார்ந்ததில்லை.

4. இந்த வேலை செல்வி ஜோசலினுக்காகத் தொடங்கியது. பார்வையற்ற மாணவி. வரும் மார்ச்சில் பொதுத்தேர்வு எழுதுகிறார். சனிக்கிழமைதோறும் தாயாருடன் ஷேர் ஆட்டோவில் வந்து, ஹெட்போன் மாட்டி, நாங்கள் எழுதியதைக் கேட்பார். பிடிக்காத இடத்தில் "இது புரியல, அண்ணா சும்மா அழகுக்கு எழுதி வெச்சிருக்காரு" என்பார். ஆரோன் அண்ணா திருத்துவார்.

5. நடந்தது பின்வருமாறு.

புத்தாண்டு விடுமுறையில் கணினியைச் சீர்செய்த ஒப்பந்தத் தொழில்நுட்பர் திரு. ரவி, மேசைக்கான இயங்குதளத்தின் இடத்தில் அதன் புதிய பதிப்பை நிறுவியிருக்கிறார். புதிய பதிப்பு தனது சொந்த பூட் லோடரை எழுதிக்கொண்டது. அதன் வழக்கமான அமைப்பில், வட்டில் வேறு இயங்குதளங்கள் உள்ளனவா என்று அது தேடுவதில்லை. தேடச் சொல்ல வேண்டும். யாரும் சொல்லவில்லை. தன்னை மட்டுமே அறிந்திருப்பதால் அது பட்டியலையும் காட்டுவதில்லை. நேராகத் தன்னைத் திறந்துகொள்கிறது.

விடுமுறைக்குப் பின் வாசகசாலை திறந்த காலையில் ஆரோன் அண்ணா எனக்கு முன்பே வந்துவிட்டார். இரண்டு தட்டு, ஒரு எண்டர். குரல் வரவில்லை. ஸ்பீக்கர் கம்பி அடிக்கடி தளர்ந்துவிடும்; நான் வந்துதான் சரிசெய்வது வழக்கம். அதனால் அவர் காத்திருக்காமல் வேலையைத் தொடங்கியிருக்கிறார்.

நான் போனபோது அவர் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். வேகமாக. திரையில் மேசைப் பணியாளருக்கான நுழைவுப் பக்கம். கடவுச்சொல் கேட்கும் பெட்டி. அதற்குள் புள்ளிகள்.

விடுமுறை முழுக்க மனத்தில் வைத்திருந்த பத்தி என்றார். தக்காணப் பீடபூமி. "நல்லா வந்துகினு கீதும்மா, கொஞ்சம் இரு" என்றார்.

நான் கொஞ்சம் இருந்தேன். ஐயா, அந்த இடைவெளியைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. அவர் முடித்துவிட்டு எண்டர் தட்டினார். கடவுச்சொல் தவறு என்று திரை சொன்னது. அதை நான் அவருக்குப் படித்துக் காட்ட வேண்டியிருந்தது.

6. மறுநாள் சனிக்கிழமை. ஜோசலின் வந்தார். திரும்பிப் போனார்.

7. திரு. ரவியை அழைத்தோம். மழையானாலும் கூப்பிட்டால் வருபவர். அவர்மீது இந்த மனுவில் புகார் இல்லை. அவர் பார்த்துவிட்டு, "அதெல்லாம் போயிடுச்சு மேடம். மெனுலயே காணோமே" என்றார். வட்டின் பிரிவுகளைத் திறந்து காட்டுமாறு கேட்டேன். காட்டினார். மூன்று பிரிவுகளும் இருந்தன. மூன்றாவது ஏறத்தாழ நிறைந்திருந்தது. காலியான இடம் நிறைந்திருக்காது என்றேன். "பழைய குப்பையா இருக்கும் மேடம். துடைச்சிட்டு ஒண்ணாக்கிக் குடுத்துடறேன், மெஷின் ஸ்பீடா ஓடும்" என்றார்.

இந்த மூன்றையும் முதலில் நிறுவிய திரு. அன்பு முன்பு இங்கே தன்னார்வலராக இருந்தவர். இப்போது வெளியூரில் வேலை செய்கிறார். தொலைபேசியில் கேட்டேன். "துடைக்காத வரைக்கும் ஒண்ணும் ஆகாது. உள்ள போக வழி தெரியல, அவ்ளோதான். அதுக்குள்ள யாரும் கை வெக்காம பாத்துக்கோ" என்றார்.

இரண்டு நாள் கழித்துக் கதவில் அறிவிப்பு. பயன்பாட்டில் இல்லாத இடம் 12.01.2026 திங்கட்கிழமை அழிக்கப்பட்டுக் கணினி வேகப்படுத்தப்படும் என்று. கணினியில் வேலை உள்ளவர்கள் முன்கூட்டியே முடித்துக்கொள்ளவும் என்று.

அறிவிப்பை நான் ஆரோன் அண்ணாவுக்குத் தொலைபேசியில் படித்தேன். "திருப்பி எழுதிடலாம்மா. ஆனா நீ அத்தினி படத்தையும் மறுபடி பாக்கணுமே, பேஜாரு" என்றார். எனக்காக வருத்தப்பட்டார். இன்று அவர் வாசகசாலைக்கு வரவில்லை. உடம்பு சரியில்லை என்கிறார்.

8. என் தரப்பிலும் ஒன்று சொல்ல வேண்டும். எழுபதுக்கும் மேற்பட்ட படங்களை அவருக்குச் சொன்ன நான் அந்தத் தொடக்கப் பட்டியலை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அதில் எத்தனை வரிகள், எந்த வரி எங்கே, மேலே என்ன எழுதியிருக்கிறது, எதையும். அவர் கேட்கவில்லை. கதவு திறந்துகொண்டிருந்தது. திறக்கும் கதவை யாரும் விவரிப்பதில்லை.

9. எனவே கீழ்க்கண்டவற்றைக் கோருகிறேன்.

திங்கட்கிழமை நடக்கவிருக்கும் அழிப்பை நிறுத்த வேண்டும். இதுதான் முதன்மையானது. மற்றவை தாமதமாகலாம், இது ஆகக் கூடாது.

திரு. ரவி அவர்களே புதிய இயங்குதளத்தில் அமைப்பை மாற்றி, மற்ற இரண்டையும் தேடிச் சேர்க்கும்படி பூட் லோடரின் பட்டியலை மீண்டும் உருவாக்கலாம். சிறிய வேலை என்று திரு. அன்பு சொல்கிறார், தொலைபேசியில் வழிசொல்லவும் தயாராக இருக்கிறார். ஏதேனும் காரணத்தால் அது முடியாவிட்டால், பென் டிரைவிலிருந்து கணினியை இயக்கி மூன்றாவது பிரிவில் உள்ள கோப்புகளையாவது நகலெடுக்க வேண்டும். விதி குறுக்கே நிற்கிறது. புதிய பதிப்பை நிறுவியதும் ஒரு பென் டிரைவிலிருந்துதான் என்பதைப் பணிவுடன் நினைவூட்டி, ஒருமுறைக்கு மட்டும் எழுத்துமூலம் அனுமதி கேட்கிறேன்.

இனி எந்த இயங்குதளத்தைப் புதுப்பித்தாலும் பட்டியலின் வரிசை மாறாதபடி, பூட் லோடரை நிர்வகிக்கும் பொறுப்பு மூன்றில் ஒன்றிடம் மட்டும் இருக்க வேண்டும். பட்டியல் எப்போதும் தோன்ற வேண்டும். அது தோன்றியதும் ஒலி எழுப்பும் வசதி பூட் லோடரிலேயே இருக்கிறது. அதை இயக்க வேண்டும். எதையாவது மாற்றினால் அங்கே வருபவர்களிடம் முன்பே வாயால் சொல்ல வேண்டும். கதவில் ஒட்டுவது போதாது.

10. ஒருவர் இருக்கிறாரா என்று தேடாமலே இல்லை என்று முடிவு செய்ய ஒரு நிரலால் முடிகிறது. அது அப்படி அமைக்கப்பட்டிருக்கிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன். நாம் தேடலாம். ஜோசலினுக்குத் தேர்வுக்கு முன் இன்னும் சில சனிக்கிழமைகள் இருக்கின்றன. அவர் கேட்க வேண்டியது எழுதி முடிக்கப்பட்டு, திறக்க வழியின்றி, அந்த வட்டில் இருக்கிறது. தாங்கள் ஒரு தொலைபேசி அழைப்பில் அதைக் காப்பாற்ற முடியும் என்று நம்பி இதைத் தங்கள் முன் வைக்கிறேன்.

இந்த மனுவின் ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பேற்கும்,
ஏ. கெசியா
(கையொப்பம்)

இடம்: செம்பாக்கம்
நாள்: 10.01.2026

நகல்: திரு. ரவி, ஒப்பந்தத் தொழில்நுட்பர் – தகவலுக்காக.

சேர்ப்பு, அதே நாள் மாலை: மனுவை நேரில் கொடுக்கத் தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். சனிக்கிழமை என்பதால் பூட்டியிருந்தது. இனி திங்கள் காலைதான் திறக்கும் என்று காவலாளி சொன்னார். திரு. ரவியும் திங்கள் காலைதான் வருகிறார். எனவே செம்பாக்கத்துக்குத் திரும்பி, வாசகசாலை மூடுவதற்கு முன் கணினியின் மின்கம்பியைக் கழற்றி எடுத்துக்கொண்டேன். வேறு கம்பி எந்தக் கடையிலும் கிடைக்கும் என்பது தெரியும். ஆனால் வாங்கப் போவதற்கு முன் பழையது எங்கே என்று யாராவது கேட்பார்கள். அவர்கள் பார்ப்பதற்காக இந்த மனுவின் நகலைக் கணினித் திரைமீது ஒட்டி, அதில் என் தொலைபேசி எண்ணை எழுதியிருக்கிறேன். பிறகு தாம்பரம் வந்து, தங்கள் அலுவலக வாசலில் நின்று இதை எழுதுகிறேன்; மூல மனுவைக் கதவின் கீழ் தள்ளிவிட்டு, பம்மல் ஷேர் ஆட்டோவில் ஏறுவேன். ஆரோன் அண்ணாவுக்கு இதன் இன்னொரு நகலை முழுவதும் படித்துக் காட்டப் போகிறேன்.