ஈரத் தரை

1973 ஜனவரி 9, செவ்வாய்

பள்ளியில் நான்காம் வகுப்புக்குப் பெருக்கல் வாய்ப்பாடு நடத்தினேன். சாயங்காலம் மந்தைவெளி வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரருக்குக் கஞ்சி ஊட்டினேன், வாயைத் துடைத்தேன், விரிப்பை மாற்றினேன். இவருக்குப் பக்கவாதம் வந்து இது இரண்டாவது வருஷம். வலப்பக்கம் அசைவில்லை, பேச்சும் இல்லை. படுக்குமுன் ஜெபம் சொன்னேன். வாய்ப்பாடு சொல்வது போலத்தான்.

ஜனவரி 21, ஞாயிறு

கோயிலில் ஆராதனை முடிந்ததும் எல்லோரும் விசாரித்தார்கள். அப்படியேதான் இருக்கிறார் என்றேன். யாரைப் பற்றிக் கேட்டார்கள், இவரைப் பற்றியா, என்னைப் பற்றியா?

பிப்ரவரி 4, ஞாயிறு

ஜெபக்குழுவினர் வீட்டுக்கு வந்தார்கள். உரக்க ஜெபித்தார்கள். கிளம்பும்போது தலைவர், இந்த வீட்டில் அறிக்கையிடாத பாவம் ஏதோ இருக்கிறது, அதனால்தான் சகோதரர் ராஜரத்தினத்துக்குச் சுகம் தாமதிக்கிறது என்றார். இவர் காதில் விழும்படியே சொன்னார். இவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. எனக்குக் கோபம்கூட வரவில்லை. காபி கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார்கள்.

பிப்ரவரி 5

எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 7, புதன்

லெந்து நோன்புக்காலம் ஆரம்பம். பள்ளிக்குப் போகுமுன் இவரைக் குளிப்பாட்டும்போது மணை வழுக்கி இருவரும் விழுந்தோம். தூக்கப் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். பிறகு என்னவோ ஆகிவிட்டது எனக்கு. "என்னால முடியல. கேக்குதா உமக்கு? முடியலப்பா" என்று கத்தினேன். இவரிடம் இல்லை, ஆண்டவரிடம்.

இவருடைய இடது கை வந்தது. என் தலையைப் பிடித்து இழுத்துத் தம் தோளில் சாய்த்துக்கொண்டது. ஈரத் தலையைத் தடவியது. வார்த்தையில்லாமல் தொண்டையில் ஒரு சத்தம், குழந்தையைத் தூங்கவைக்கிற மாதிரி. சோப்புத் தண்ணீரில் அப்படியே கிடந்தோம். எங்கள் இருவருக்கும் அடியில் வெறும் தரை மட்டும் இல்லை என்று பட்டது. இதை எப்படி எழுதுவது? ஏதோ ஒன்று தாங்கிக்கொண்டிருந்தது — அவ்வளவுதான் தெரியும்.

பக்கத்துப் போர்ஷன் ஜைதூன் பீ சத்தம் கேட்டு ஓடி வந்தாள்.

"இன்னா புஷ்பம்க்கா, ஒரு கொரல் குடுக்கக் கூடாதா? நான் இங்கதானே கீறேன்?"

அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தூக்கிவிட்டோம்.

மார்ச் 8

சுகம் கொடுத்தால்தான் ஆண்டவர் வந்தார் என்று அர்த்தமா? இத்தனை நாளும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேனோ, அவர் உள்ளே இருக்கும்போது?

ஏப்ரல் 20, பெரிய வெள்ளி

கோயிலில் மும்மணி நேர ஆராதனைக்குப் போகவில்லை. இயேசுவின் பாடுகளைச் சொல்லும் அதிகாரத்தை இவருக்கு வாசித்தேன். பாதியில் தூங்கிவிட்டார். மனசு இன்னும் மரத்துத்தான் கிடக்கிறது. அதைச் சரிபண்ணப் பார்க்கவில்லை. அப்படியே ஆண்டவர் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 12, செவ்வாய்

நேற்றுக் காலை இவர் போய்விட்டார். இரண்டு வாய்க் கஞ்சி குடித்தார், மூன்றாவதை வாங்கவில்லை.

இன்று அடக்கம். புறப்படுமுன் குருவானவர் என்னைத் தனியே அழைத்து, இவரைப் பற்றி என்ன பேசட்டும் என்று கேட்டார். பொறுமையைப் பற்றிப் பேசலாமா என்றார்.

"நாங்க ரெண்டு பேரும் தனியா இருக்கலன்னு சொல்லுங்க ஐயா. அது போதும்."

இன்னும் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார். அதற்குள் அழ ஆரம்பித்துவிட்டேன்.