சிமெண்டுக் காளான்

ஜனவரி 4

காலையில பனி. போடி பஜார் பூரா மப்ளர். இந்தக் குளுருக்கே காதைக் கட்டிக்கிட்டு அலையிற ஜனம்.

கார்த்திகை மாசம் முழுக்க பனிக்காலம்னு நம்பி ப்ரிட்ஜ்ல கிடந்து மாடிக்கு வந்த விதைத் தட்டு மூணு. நிலவரம்:

ஜென்ஷியன் - ஒண்ணுமில்ல.
எடல்வைஸ் - முளைச்சது, பூசணம் பிடிச்சது, போச்சு.
எரினஸ் - காலையில ரெண்டு முளை. சாயங்காலம் ஒண்ணு.

மூணு வருசமா வெளிநாட்டு விதை வரவழைச்சு, மண்ணுக்குப் பதில் சல்லி கொட்டி, இப்பத்தான் ஒண்ணு தப்பிச்சிருக்கு. பனிமலையில பாறை இடுக்குல வளர்ற சாதி. முழுசா வளந்தாலே விரல் உசரம்தான்.

ஈஸ்வரி துணி காயப்போட வந்தா. குனிஞ்சு பாத்தா. “இதுக்கா எம் மாவுச்சட்டிக்கு எடமில்லாம அடைச்சு வச்சிருந்தீக?” ஆமான்னேன். “வெண்டைக்கா போட்டிருந்தா கொழம்புக்காச்சு.” கல்யாணம் ஆன நாள்ல இருந்து எது நட்டாலும் இதே வெண்டைக்கா.

இந்த ஊருக்குச் செடின்னா ஆள் உசரம் நிக்கணும். குரோட்டன்ஸ், காகிதப்பூ, கேட்டுக்கு மேல வளைச்சுவிட்ட கொடி. ரசனையே கிடையாது. நான் நாள் பூரா கருகுன மோட்டாரைப் பிரிச்சுக் காயில் கட்டுறவன், சின்னதைப் பாத்தே பழகிட்ட கண்ணு. இது பூத்து ஒரு தடவை பாக்கணும். வேற ஒண்ணும் வேணாம்.

ஜனவரி 11

கடை லீவு. தொட்டி செஞ்சேன். மீன்கடை தெர்மாகோல் பெட்டி (நாத்தம் போக ரெண்டு நாள் வெயில்), மேல கோழிவலை, சிமெண்ட், மணல், தேங்காநார்த் தூள் கலந்து பூச்சு. அடியில அஞ்சு ஓட்டை. காஞ்சா கல்தொட்டின்னே சொல்லணும், கனம்தான் இருக்காது.

கீழ்வீட்டு சுந்தரம் சார், ரிட்டயர்டு, வேலையில்லாத ஆளு, ஏறி வந்துட்டாரு. “என்ன மோட்டார்காரரே, மாட்டுக்குத் தண்ணி காட்டவா?”

“ஆமா சார். ரொம்பச் சின்ன மாடு.”

“அதான பாத்தேன்”னு தலையாட்டிட்டு எறங்கிட்டாரு. இவரு ஒரு காலத்துல ஆபீசர்.

ஜனவரி 17

பொங்கல் முடிஞ்சும் விருந்தாளி ஓயல. சகலை பால்பாண்டி குடும்பத்தோட. ஈஸ்வரி தங்கச்சி வீட்டுக்காரன். போடிமெட்டுல தங்கும் விடுதி நடத்துறான். இனி ச.பா.

விடுதி வாசல்ல அவன் கட்டி வச்சிருக்கிறது: சிமெண்டு மான் ரெண்டு (ஒண்ணுக்குக் கொம்பு ஒடிஞ்சிருச்சு, கம்பி தெரியுது). சிமெண்டுக் காளான் ஒண்ணு, குடை அகலம், சிவப்புல வெள்ளைப் புள்ளி. பாறைக்கெல்லாம் மஞ்சப் பெயிண்ட். மேல போர்டு: ‘ராக் கார்டன்’. மலை முழுக்க ஆண்டவன் பாறையா வச்சிருக்கான், இவன் அதுக்குப் பெயிண்ட் அடிக்கிறான்.

மாடிக்கு வந்தான். தொட்டிக்குள்ள பாத்தான். “இது என்ன கீரை சகலை?”

எரினஸ்னு சொன்னேன். ஆல்ப்ஸ் மலைன்னு சொன்னேன். “மலைச்செடின்னா எங்கிட்டக் குடுங்க, அங்கன இருக்குற குளுருக்குச் சும்மா ஜம்முனு வரும்”னான். வேணாம்னுட்டேன். அந்த மானுக்குப் பக்கத்துல வாழுறதுக்கு இது இங்கயே காஞ்சு சாகலாம்.

போகும்போது ஈஸ்வரி, “தம்பி எம்புட்டுப் பிரியமாக் கேட்டாக, மூஞ்சியத் திருப்புறீக.” திருப்பத்தான் செய்வேன்.

பிப்ரவரி 8

எரினஸ் ஆறு இலை. தரையோட ஒட்டி, வட்டமா. காலையில கடை திறக்குமுன்ன ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை பாத்தாச்சு. சந்தோசமா இருக்கு. ஒருத்தன்கிட்டயும் சொல்லல, சொல்லவும் ஆளில்ல.

போன்ல குளிர்நாட்டுக்காரங்க குரூப் ஒண்ணு இருக்கு, பாறைத் தோட்டம் வைக்கிறவங்க. எரினஸ் பத்தி ஒருத்தர் போட்டிருக்காரு: ‘ரொம்பச் சுலபம். விதைச்சிட்டு மறந்துடுங்க.’ மகராசன். இங்க ஒரு நாள் மறந்தா வத்தல்தான். என் படத்தைப் போட்டேன். ‘உங்க ஊர்ல பனி எப்ப உருகும்’னு கேக்குறாரு. எங்க ஊர்ல தார் ரோடுதான் உருகும்னு எழுதினேன். சிரிப்புப் பொம்மை போட்டாரு. நான் ஒண்ணும் தமாசுக்குச் சொல்லல.

மார்ச் 6

வெயில் ஆரம்பிச்சிருச்சு. மாசிலயே இப்படி.

செஞ்சது: பச்சை வலை ரெண்டு மடிப்பு. தொட்டியச் சுத்தி ஈரச்சாக்கு. மத்தியானம் கடையப் பூட்டிட்டு வந்து தண்ணி தெளிப்பு. கரண்ட் போனா வேப்பங்கொத்தால விசிறல் (சுந்தரம் சார் பாத்துட்டாரு).

ஓரத்து இலை ரெண்டு கருகிருச்சு. வேற வழியில்ல, தொட்டியோட தூக்கி ப்ரிட்ஜ்ல. தக்காளி, கத்திரிக்கா எல்லாம் வெளிய.

ஈஸ்வரி தங்கச்சிகிட்ட போன்ல பேசுறது அடுப்படியில இருந்து கேட்டுச்சு. “ஆத்தா, நீ வேற. காயி கூடையில வெந்துக்கிட்டு கெடக்கு, செடி உள்ள ஏசியில இருக்குடி.” ரெண்டு பேரும் சிரிக்கிறாளுக.

உள்ள வெளிச்சம் இல்ல. ரெண்டு நாள்ல இலை வெளுக்கும். தெரியும். இன்னும் சித்திரை வரணும்.

மார்ச் 8

யோசிச்சுப் பாத்தேன். மலைமேல எனக்குத் தெரிஞ்ச ஆளு யாரு யாருன்னு. ஒருத்தன்தான். எத்தனை தடவை எண்ணினாலும் அவன்தான்.

மார்ச் 9

முதல் பஸ். தொட்டி மடியில. கண்டக்டர், “என்னண்ணே, அஸ்தியா?” கொண்டை ஊசி வளைவெல்லாம் ரெண்டு கையாலயும் அணைச்சுப் பிடிச்சே வந்தேன்.

போடிமெட்டுல எறங்குனதும் அந்தக் காத்து. செடிக்கு முன்னால எனக்கு உசுரு வந்துச்சு.

ச.பா.கிட்ட சொன்னது:
மத்தியான வெயில் ஆகாது.
எரு கூடாது. உரம் கூடவே கூடாது.
சல்லியக் கிளறக் கூடாது.
யாரும் தொடக் கூடாது.

அவன் காதுல போன். “ஹாட் வாட்டர் இருக்கு சார், கேம்ப் ஃபயர் இருக்கு சார்”, நடுநடுவுல எங்கிட்ட “சரி சகலை, சரி சகலை.” மறுபடி முதல்ல இருந்து சொன்னேன். “கீரைய நான் பாத்துக்கிறேன், நீங்க சாப்பிட வாங்க”ன்னான். ஒடிஞ்ச கொம்பு மான் என்னையே பாத்துக்கிட்டு நிக்கிது. கிழக்குப் பக்கம் சுவரோரமா நானே எடம் பாத்து வச்சிட்டு வந்தேன்.

எறங்கி வர்ற பஸ்ல மடி காலியா இருந்துச்சு. ஒரு மாதிரி ஆயிருச்சு.

ஏப்ரல் 19

வெயில் கொளுத்துது. இங்க இருந்திருந்தா இந்நேரம் போயிருக்கும்.

நான் போன் பண்றதில்ல, ஈஸ்வரிய விட்டுக் கேக்குறது. “நல்லாருக்காம்.” எப்படி நல்லாருக்காம்? எத்தனை இலை? “நல்லாருக்குன்னா நல்லாருக்கு, நான் என்ன போயி எண்ணவா?” நல்லாருக்கு. சொல்ல ஒண்ணும் இல்லாதவங்க சொல்ற வார்த்தை.

ச.பா. தினம் காலையில படம் அனுப்புறான். ரோசாப்பூ, காபிக் கப்பு, காலை வணக்கம். செடி படம் ஒண்ணுகூட இல்ல.

ஜூன் 21

கடையில கூட்டம், ஓடைப்பட்டி திராட்சைத் தோட்டத்து மோட்டார் மூணு ஒண்ணா வந்திருக்கு. பொழுதுக்கும் வேலை.

சாயங்காலம் மாடிக்குப் போனா மேற்க மலை தெரியல. ஒரே கருப்பு. கேரளா மழை மேல இறங்கிக்கிட்டு இருக்கு.

அப்பத்தான் உறைச்சுச்சு. மழையப் பத்தி அவன்கிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லல. வெயிலு, எரு, சல்லி, எல்லாம் சொன்னேன். மழை ஞாபகமே வரல. இந்தப் போடியில உக்காந்து வெயிலுக்கு மட்டுமே பயந்து பழகுனவன். இந்தச் சாதிச் செடி குளுரைத் தாங்கும், தலையில நிக்கிற ஈரத்தைத் தாங்காது. நடுக்குருத்து அழுகிரும். புத்தகம் போட்டுச் சொல்றாங்க, குரூப்புல தினம் சொல்றாங்க, நானும் படிச்சிருக்கேன். ஊரையே முட்டாள்ங்கிறேன், என்னைய எதுல சேக்குறது?

ஜூன் 22

நானே போன் பண்ணினேன். எடுக்கல. மறுபடி. அப்புறம் மணியே அடிக்கல, டவர் போச்சு போல.

ஈஸ்வரிகிட்ட கேட்டேன். பிடிச்சுக்கிட்டா. “அங்கன மண்ணு சரிஞ்சு ரோடு அடைச்சிருக்காம். எந் தங்கச்சி எப்படி இருக்காளோன்னு நான் வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டுக் கெடக்கேன். உங்களுக்குக் கீரை!”

சொல்றது சரிதான். தலையக் குனிஞ்சு கேட்டுக்கிட்டேன். கேட்டுக்கிட்டே செடியத்தான் நினைச்சேன்.

ஜூன் 24

தங்கச்சி பேசிட்டா. எல்லாரும் சௌக்கியம், விடுதிக்கும் ஒண்ணுமில்ல. நான் பக்கத்துல நின்னு கையக் கையக் காட்டுறேன். ஈஸ்வரி என்னையப் பாத்துக்கிட்டே “சரிடி, வச்சிருறேன்”னு வச்சிட்டா. வேணும்னே.

மறுபடி நான் கூப்பிடல. செத்துப்போச்சுன்னு அவன் வாயால கேக்க முடியாது. “கீரை போச்சு சகலை”ன்னு சிரிப்பான்.

மூணு வருசம். விடு.

ஜூலை 5

கடை. கம்ப்ரசர் மோட்டார் ஒண்ணு, பேரிங் போயிருக்கு. மார்க்கையன்கோட்டை ஆளு, நாளைக்கே வேணும்னு நிக்கிறாரு. நாளைக்கே வேணும்னா நேத்தே கொண்டாந்திருக்கணும்னேன்.

பதினோரு மணிக்கு ச.பா.கிட்ட இருந்து படம். ரோசாப்பூன்னு நினைச்சுத் தள்ளப் போனேன்.

எரினஸ். பூத்திருக்கு. ஊதா கலந்த ரோஸ், கொத்தா, ஒவ்வொண்ணும் மிளகு அளவு. அஞ்சு இதழ், நுனியில சின்ன வெட்டு. இலையெல்லாம் கெட்டியா, ஒரு புள்ளி அழுகல் இல்ல. பெருசாக்கிப் பாத்தேன், சின்னதாக்கிப் பாத்தேன். வார்னிஷ் கையோட போனைத் தொட்டு ஸ்க்ரீன் பூரா பிசுக்கு. மார்க்கையன்கோட்டைக்காரரு, “ஏதும் கெட்ட சேதியாண்ணே?” கண்ணுல வார்னிஷ் பட்டிருச்சுன்னேன்.

தொட்டி நான் வச்ச எடத்துல இல்ல. சிமெண்டுக் காளானுக்கு அடியில. தண்டை ஒட்டி.

கீழ குரல் பதிவு. “சகலை, உங்க கீரை பூத்துருச்சு. சொவரோரம் காரு திருப்ப இடைஞ்சலா இருந்துச்சு, அதான் காளானுக்குக் கீழ தள்ளி வச்சேன். வர்றவுக போட்டோ எடுக்கவும் வாகா இருக்கு. தண்ணிகிண்ணி ஊத்தல, நெசத்தைச் சொல்லணும்ல, மறந்தே போனேன்.”

மறந்தே போனானாம். குளிர்நாட்டுக்காரர் சொன்னதை எழுத்து மாறாம செஞ்சிருக்கான், ஒண்ணும் தெரியாம. வெளிச்சம் எல்லாப் பக்கமும். மழை ஒரு சொட்டு தலையில விழாது, வேருக்கு வேணுங்கிற ஈரம் மட்டும் மலை மூட்டத்துல இருந்து. எரினஸுக்கு இதைவிட ஒரு கூரை நான் உக்காந்து வரைஞ்சாலும் வராது. சிவப்புல வெள்ளைப் புள்ளி. காரு திருப்பறதுக்காக. எரியுது எனக்கு.

மோட்டாரை மூடி வச்சிட்டு ரொம்ப நேரம் யோசிச்சேன். கடைசியில ‘நல்லாருக்கு’ன்னு போட்டேன்.

போட்ட கையோட அழிச்சேன்.

கீழ அவன் பதில் வந்துச்சு: ‘பாத்துட்டேன் சகலை.’