கோடும் இரண்டு புள்ளியும்

மார்ச் 3, திங்கள்

கிள்ளானிலிருந்து இன்றும் கோமுட்டர் ரயிலில் நின்றுகொண்டே வந்தேன். தலைக்குள் ஒரே கேள்வி: ஃபைல் வடிவத்தை இத்தோடு முடித்துவிடலாமா? இசைக்குறிப்புகளைக் கணினியில் சேமிக்க நானே வகுத்தது, இரண்டு வருட வேலை. பிரிக்ஃபீல்ட்ஸ் மாதா கோயிலில் எங்கள் பாடகர் குழுவின் பாட்டெல்லாம் அதில்தான் ஏறப்போகிறது. ஒவ்வொரு குறியும் பக்கத்தில் எங்கே நிற்க வேண்டும் என்று மில்லிமீட்டர் சுத்தமாக எழுதி வைத்திருக்கிறேன். அச்சிட்டால் அப்படி ஓர் அழகு. பிறகு ஏன் மனசு அடங்கவில்லை?

மார்ச் 8, சனி

போச்சு. மானமே போச்சு.

ஈஸ்டர் பாட்டுக்கு முதல் ஒத்திகை. கீபோர்டு வாசிப்பது ஜோனத்தன். அவனுக்குக் கண் தெரியாது. என் ஃபைலைத் தன் பிரெயில் கருவியில் ஏற்றி, ஒரு கையால் தடவிப் படித்து மறு கையால் வாசித்து, வீட்டிலேயே மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தான். பல்லவி முடிந்ததும் நாங்கள் எல்லோரும் ஆரம்பத்துக்குத் திரும்பினோம். அவன் மட்டும் நேரே சரணத்துக்குப் போய்விட்டான்.

குழுத் தலைவி கேத்தரின் ஆன்டி கைதட்டி நிறுத்தினார். "ஜோனத்தன், ஈஸ்டருக்கு வேற ஆள வச்சிக்கலாமா? சொல்லுப்பா, தப்பில்ல."

அவன் கருவியை எடுத்து மறுபடி தடவ ஆரம்பித்தான். கோளாறு என் ஃபைலிலோ என்று தோன்றியும் நான் ஆன்டியிடம் சொல்லவில்லை.

மார்ச் 9

பூசைக்குப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

மார்ச் 12

அவனே போன் செய்தான். "கேரன், நீ குடுத்த ஃபைல்ல திரும்பிப் போன்னு ஒண்ணுமே இல்ல லா. எத்தன தடவ தடவிப் பாத்துட்டேன்!"

திறந்து பார்த்தேன். இருந்தது: பல்லவி முடிவில், 'இங்கே ஒரு தடித்த கோடு, பக்கத்தில் இரண்டு புள்ளி' என்று. கண் உள்ளவர்களுக்கு அது 'திரும்பிப் போ'. அவன் கருவிக்கு அது வெறும் படம், தாண்டிப் போய்விட்டது. நான் பாட்டை எழுதவே இல்லை. பாட்டைப் படம் வரைந்து வைத்திருக்கிறேன். மக்கு! மக்கு!

"தப்பு என்னோடதுன்னு ஆன்டிகிட்ட சொல்லிடறேன்" என்றேன்.

"சொல்லு. ஆனா அடுத்த பாட்டுல வேற ஒண்ணு காணாம போகும். மொதல்ல ஃபைல சரி பண்ணு லா."

ஆன்டியிடம் சொன்னேன். இன்னும் ஒரே ஒரு ஒத்திகை பார்ப்பாராம்.

மார்ச் 20

மில்லிமீட்டர் இடக்கணக்கை முழுக்க அழித்தேன். இரண்டு வருடம்! இனி ஒரு குறி என்ன சொல்கிறது என்பது மட்டும்தான் ஃபைலில். எங்கே நிற்பது என்பதை அச்சிடும் மென்பொருள் பார்த்துக்கொள்ளட்டும். சரியாக வருமா? வராவிட்டால்?

ஏப்ரல் 5

ஒத்திகை. புது அச்சு அசிங்கம். சொல்லும் ஸ்வரமும் இடித்துக்கொண்டு நிற்கின்றன. "பழைய பேப்பரே நல்லா இருந்திச்சேம்மா" என்றார் ஆன்டி.

ஆனால் பல்லவி முடிந்ததும் ஜோனத்தன் எங்களோடு ஆரம்பத்துக்குத் திரும்பினான். ஆன்டி வேறு ஆள் பேச்சை எடுக்கவில்லை.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

வாசித்தான். அவனையே பார்த்துக்கொண்டிருந்ததில் நான்தான் ஒரு வரியை விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 27

ஜோனத்தனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல். கூடவே குரல் செய்தி: "நான் போட்ட டியூன். எப்பவும் யாராச்சும் ஒக்காந்து எழுதிக் குடுக்கணும்னு காத்திருப்பேன். இந்தத் தடவ நானே எழுதிட்டேன். ஆன்டிக்கு பிரிண்ட் எடுத்துக் குடு லா."

திறந்தேன். எது எங்கே நிற்க வேண்டும் என்று ஓர் எண்கூட இல்லை; பல்லவிக்குப் பிறகு 'திரும்பிப் போ' என்று மட்டும். அச்சிட்டேன். பல்லவி முடிவில் தடித்த கோடும் இரண்டு புள்ளியும் தாமாக வந்து நின்றன.

மூன்றாம் வரியில் ஒரு சொல் இன்னும் இடிக்கிறது. இடிக்கட்டும், நாளைக்குப் பார்க்கிறேன்.